ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிற நம்ம ஊர் பிள்ளைகளுக்கு, வார்த்தை சேர்ப்பது பற்றி

தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ்ஸோ, மருத்துவத் துறையினருக்கான ஓஇடியோ, ஏதோ ஒரு இங்கிலீஷ் தேர்வு எழுதத் தயாராகிற யாரைக் கேட்டாலும் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டு வெளியே வரும். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, உள்ளே ஏ-யில் தொடங்கி இசட் வரைக்கும் வரிசையாக வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லில் அர்த்தம். 'யுபிக்விட்டஸ்', 'பிளெதோரா', 'எஃபெமரல்', 'டெலிட்டீரியஸ்'. நைட் டியூட்டி முடித்து வந்து குளித்து ரெண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு, கண் சொருகச் சொருக இதை உருப்போடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அந்தக் கட்டை மூடி அலமாரியில் வையுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் கோச்சிங் சென்டர் நடத்தவில்லை. எங்கள் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், பெரும்பாலும் நர்சுகள், ஒன்றிரண்டு பேர் மேல்படிப்புக்குப் போக நினைக்கிற இன்ஜினியரிங் முடித்தவர்கள். பேசுவோம், எழுதுவோம், அழித்து எழுதுவோம். அவ்வளவுதான் அமைப்பு.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் ஏன் இவ்வளவு வேர் பிடித்தது என்று கேட்டால் கதை பழையது. நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் கண்ட கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார். ஆஸ்பத்திரி வேலை என்பது இங்கே பல குடும்பங்களில் தலைமுறை தாண்டிய விஷயம். இன்றைக்கு வளைகுடா, பிரிட்டன், அயர்லாந்து என்று ஆள் போகாத தெரு குறைவு. அதனால் இந்தத் தேர்வு ஒரு ஆளின் தேர்வு இல்லை, வீட்டுத் தேர்வு. நகை அடகில் இருக்கும், தங்கச்சி கல்யாணம் காத்திருக்கும், ரிசல்ட் வருகிற அன்றைக்கு அடுப்பில் இருப்பது கருகினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒரு பிள்ளைக்கு 3000 அரிய வார்த்தையைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற காரியம்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி கேட்பது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 பேண்டு (ஐஇஎல்டிஎஸ் மார்க்கை இப்படித்தான் சொல்வார்கள்), ரைட்டிங்கில் 6.5. ஓஇடி என்றால் அதே மூன்றிலும் 'பி' கிரேடு, அதாவது 350-ம் அதற்கு மேலும், ரைட்டிங்கில் 'சி பிளஸ்', அதாவது 300-ம் அதற்கு மேலும். ஐஇஎல்டிஎஸ்ஸின் ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் வார்த்தை வளத்துக்குத் தனியாக மார்க் உண்டு, மொத்தத்தில் கால் பங்கு. அந்தக் கால் பங்கில் 7 வாங்க என்ன வேண்டும் என்று அவர்களே வெளியிட்டிருக்கிற விவரத்தைப் படித்துப் பாருங்கள். அடிக்கடி வராத சில வார்த்தைகளைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், ஆனால் எந்த வார்த்தை எதோடு சேரும், எந்த இடத்துக்கு எந்த நடை பொருந்தும் என்கிற உணர்வோடு. இரண்டாவது பாதியைத்தான் ஜெராக்ஸ் கட்டு விழுங்கிவிடுகிறது. "தெர் ஆர் பிளெதோரா ஆஃப் பேஷண்ட்ஸ் இன் த வார்டு" என்று ஒருவர் எழுதினால், பிளெதோரா (ஏராளம்) என்ற சொல்லுக்காக மார்க் ஏறாது. முன்னால் 'எ' இல்லை, ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நடைக்கும் அது ஒட்டாது. "தி வார்டு இஸ் வெரி பிஸி" என்பது அந்த இடத்தில் ஆயிரம் மடங்கு மேல்.

இனி நர்சுகளுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இதைத்தான் எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன்.

உங்களிடம் இங்கிலீஷ் வார்த்தை குறைவு என்று நீங்களே நம்புகிறீர்கள். அது உண்மை இல்லை. நாலு வருஷம் பிஎஸ்சி நர்சிங் படித்தவரிடம் இருக்கிற மருத்துவ இங்கிலீஷ், லண்டனில் பஸ் ஓட்டுகிற ஒருவருக்குப் பாதி கூடப் புரியாது. டிஸ்ப்னியா தெரியும், எடீமா தெரியும், எபிஸ்டாக்ஸிஸ் தெரியும். தெரியாதது எது என்றால், அந்த பஸ் டிரைவர் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களிடம் சொல்லப் போகிற இங்கிலீஷ். மூச்சு வாங்கினால் அவர் டிஸ்ப்னியா என்று சொல்ல மாட்டார், 'அவுட் ஆஃப் பிரெத்' என்பார். கால் வீங்கினால் 'ஸ்வோலன்' என்பார், மூக்கில் ரத்தம் வந்தால் 'நோஸ்பிளீட்' என்பார்.

ஒரு நாள் ஒரு ஆடியோ போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். நோயாளி "ஐ ஹேவ் பீன் சிக் ட்வைஸ் திஸ் மார்னிங்" என்கிறார். "அண்ணே, காலைல ரெண்டு தடவ உடம்பு சரியில்லாம போச்சுன்னு சொல்லுகாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். பிரிட்டிஷ்காரர் வாயில் அது ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்பது. 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. வெறுமனே உடம்பு முடியவில்லை என்பதற்கு 'போர்லி' என்றோ 'அண்டர் த வெதர்' என்றோ சொல்வார்கள். சிக் என்பது எல்கேஜியில் படித்த வார்த்தை. எந்த ஹை பேண்டு பட்டியலிலும் அது இருக்காது. ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் லிசனிங்கில் ஒரு விடை போகும், வார்டில் அதைவிடப் பெரியது போகும்.

இப்படி எடுத்துக்கொண்டே போகலாம். 'சர்ஜரி' என்றால் நமக்கு ஆபரேஷன் மட்டும்தான். அங்கே குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கும் அதுதான் பெயர், "ஐ வென்ட் டு த சர்ஜரி" என்றால் டாக்டரைப் பார்க்கப் போனேன். நாம் மோஷன் போனீர்களா என்று கேட்கிறோம், அங்கே நர்ஸ் கேட்பது "ஹேவ் யூ ஓப்பன்டு யுவர் பவல்ஸ்?" சிறுநீர் விஷயத்துக்கு 'வாட்டர்வொர்க்ஸ்' என்று சொல்கிற வயதானவர்கள் உண்டு. ஊசிக்கு 'ஜேப்'. மருந்துக் கடைக்கு 'கெமிஸ்ட்'. நாம் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று பயோடேட்டாவில் எழுதுகிறோமே, படித்து முடித்தேன் என்ற அர்த்தத்தில், அதை அவர்கள் படித்தால் மயங்கி விழுந்தேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். 'சுகர் பேஷண்ட்', 'லூஸ் மோஷன்', 'வாமிட்டிங் சென்சேஷன்' எல்லாம் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு நல்ல வார்த்தைகள், இங்கே எல்லோருக்கும் புரிகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. தேர்வு அறைக்குள் மட்டும் அவற்றை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஓஇடி ஸ்பீக்கிங்கில் உங்களுக்கு நர்ஸ் வேடம், எதிரே இருப்பவருக்கு நோயாளியின் வேடமோ, நோயாளியின் மகள், மனைவி வேடமோ. இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிஷம். அதில் மார்க் போடுகிற விஷயங்களில் நோயாளி தரப்பிலிருந்து யோசிக்கிறீர்களா, அவருக்குப் புரிகிற மாதிரி விளக்குகிறீர்களா என்பதும் சேர்த்தி. அங்கே போய் 'யுவர் மதர் ஹேஸ் பைலேட்டரல் பீடல் எடீமா' என்றால் எதிரே இருப்பவர் முழிப்பார். 'போத் ஹர் ஃபீட் ஆர் ஸ்வோலன்' என்றால் போதும். ஆகவே உங்கள் நோட்டில் முதல் பக்கத்திலிருந்தே இரண்டு வரிசை போடுங்கள். இடது பக்கம் கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதுகிற சொல், வலது பக்கம் நோயாளி வாயில் வருகிற சொல். டியூட்டியில் ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுதுகிறீர்களோ அதிலிருந்தே எடுங்கள். வேறு புத்தகம் வேண்டாம்.

வலி பற்றிய வார்த்தைகளுக்கு மட்டும் நான் ஒரு வாரம் முழுதும் ஒதுக்கச் சொல்வேன். நம்ம ஊர்ப் பாட்டிமார் வலியை எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குத்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, எரிகிறது, சுரீரென்று இழுக்கிறது, மரத்துப்போகிறது, எறும்பு ஊருகிறது, நெஞ்சைப் பிடித்து அழுத்துகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோயைக் காட்டும், நல்ல நர்ஸ் அதைக் கேட்டே பாதி புரிந்துகொள்வாள். இங்கிலீஷிலும் அதே அளவுக்கு இருக்கிறது. குத்துவது 'ஸ்டாபிங்'. தெறிப்பது 'த்ராபிங்'. விடாமல் மந்தமாக வலிப்பது 'டல் ஏக்'. இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று இறங்குவது 'ஷூட்டிங் பெயின்'. தொட்டால் வலிக்கிற இடம் 'டெண்டர்'. தொண்டை வலி என்றால் 'சோர்'. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது 'கிராம்ப்'. எறும்பு ஊருகிற மாதிரி இருப்பது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. நெஞ்சில் அழுத்துவது 'டைட்'. இவற்றைத் தமிழ் வலியோடு சேர்த்து, அந்த வலியைச் சொன்ன ஒரு நோயாளியின் முகத்தோடு சேர்த்து மனதில் வைத்தால் மறக்காது. பெரியாஸ்பத்திரி வார்டில் பார்த்த அந்த மீன்காரப் பாட்டி சொன்ன தெறிப்புதான் த்ராபிங், அவ்வளவுதான். பட்டியலில் இருக்கும் 'த்ராபிங் - துடித்தல்' என்ற வரியில் முகம் எதுவும் இல்லை.

அடுத்து, வினையோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வருகிற கூட்டம். 'வேர் ஆஃப்', மயக்க மருந்து தெளிவது. 'கம் ரவுண்ட்', நினைவு திரும்புவது. 'பிரிங் அப்', சளியையோ சாப்பாட்டையோ வெளியே கொண்டுவருவது. 'கிளியர் அப்', தோல் தடிப்பு மறைவது. 'கம் டவுன் வித்', காய்ச்சல் மாதிரி ஏதாவது பிடித்துக்கொள்வது. இவையெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள் என்பதால் யாரும் படிப்பதில்லை. ஆனால் பேச்சு இங்கிலீஷ் பெரும்பகுதி இவற்றின் மேல்தான் ஓடுகிறது. ஆனால் கவனம், ரைட்டிங்கில் டாக்டருக்கு ரெஃபரல் கடிதம் எழுதும்போது இதே கூட்டத்தை அப்படியே அள்ளிப் போடக் கூடாது. அங்கே 'வாமிட்டட்' என்றே எழுதுங்கள். பேசும்போது ஒரு நடை, எழுதும்போது ஒரு நடை.

நர்சிங் இல்லாத பிள்ளைகள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், உங்களுக்கு இப்போது.

படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதுபவர்களுக்கு ஒரு பட்டியல் உண்மையிலேயே உதவும். நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி எழுத்துகளை அலசி 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து வருகிற சொற்களின் கூட்டங்கள். மிக அடிப்படையான 2000 சொற்களை அவர் ஏற்கெனவே கழித்துவிட்டார். மிச்சத்தில் எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் மட்டும். கல்வி எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்தச் சொற்கள்தான். அதை அடிக்கடி வருகிற வரிசைப்படி பத்துப் பிரிவாகவும் பிரித்து வைத்திருக்கிறார், முதல் பிரிவில் அனலைஸ், அசெஸ், அஸ்யூம், ஃபாக்டர், சிக்னிஃபிகன்ட், வேரி மாதிரி 60. இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. இதைப் பார்த்தவுடன் பிள்ளைகள் சொல்வது, "இதெல்லாம் தெரிஞ்சதுதானே அண்ணே". சரி, 'சிக்னிஃபிகன்ட்' தெரியும். அதை வைத்து ஒரு வாக்கியம் உடனே எழுத வருமா? 'சிக்னிஃபிகன்ட் இன்க்ரீஸ்' வரும், 'சிக்னிஃபிகன்ட்லி ஹையர்' வரும், 'ஆஃப் கிரேட் சிக்னிஃபிகன்ஸ்' வரும். ஒரு குடும்பத்தில் இருக்கிற பெயர்ச்சொல், வினை, அடைமொழி எல்லாவற்றையும் தன் துணைச் சொல்லோடு கையாள வந்தால்தான் அது உங்கள் வார்த்தை. பார்த்தால் தெரிகிற வார்த்தை வேறு, கேட்டவுடன் எடுத்து நீட்ட வருகிற வார்த்தை வேறு. தேர்வில் ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் கேட்பது இரண்டாவது ரகத்தை.

எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பால் நேஷன் என்கிற ஆய்வாளர் 2006-ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. நாவல், செய்தித்தாள் மாதிரி எழுத்தை யார் துணையும் இல்லாமல் வாசிக்க, அதாவது நூறில் 98 சொல் தெரிந்திருக்க, 8000 முதல் 9000 சொற்குடும்பம் வரை தேவைப்படும். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தேர்வுக்கு எல்லாச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெரியாத சொல்லை முன்பின் பார்த்து ஊகிப்பதும் சேர்த்துத்தான் ரீடிங். ஆனால் இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ரெண்டு மாதத்தில் பட்டியலை உருட்டி இந்த எண்ணிக்கைக்குப் போக முடியாது, வாசிப்பும் கேட்பும்தான் வழி.

துணைச் சொல் என்றேன், அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'மேக் எ மிஸ்டேக்' என்பார்கள், 'டூ எ மிஸ்டேக்' என்று சொல்ல மாட்டார்கள். காப்பி 'ஸ்ட்ராங்', மழை 'ஹெவி'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் புரியும், ஆனால் காதில் இடிக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் காரணம் எதுவும் கிடையாது, பழக்கம்தான். நம் தமிழிலும் மழை பெய்யும், வெயில் அடிக்கும், பனி விழும். மாற்றிச் சொன்னால் சின்னக் குழந்தை கூடச் சிரிக்கும். யாரும் நமக்கு அதைப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை, சேர்த்தே கேட்டோம், சேர்த்தே பேசினோம். இங்கிலீஷையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். நோட்டில் ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். 'டிசிஷன்' என்று எழுதுவதற்குப் பதில் 'மேக் எ டிசிஷன்', 'ரீச் எ டிசிஷன்', 'எ டிஃபிகல்ட் டிசிஷன்' என்று மூன்று துணையோடு எழுதுங்கள். கீழே உங்களைப் பற்றிய ஒரு உண்மையான வாக்கியம். புத்தக வாக்கியம் வேண்டாம், உங்கள் வாழ்க்கையில் நடந்தது. அத்தோடு 'டிஸ்கஸ் அபௌட்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஈக்விப்மென்ட்ஸ்' இந்த நாலையும் இன்றோடு விட்டுவிடுங்கள். 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும், மற்ற மூன்றுக்கும் பன்மை இல்லை.

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரைட்டிங்கின் முதல் டாஸ்க்கில் வரைபடம் கொடுத்து குறைந்தது 150 சொல்லில் விவரிக்கச் சொல்வார்கள். இதற்கு நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சி நம்ம மாவட்டச் செய்திப் பக்கத்தில் வருகிற அணை நீர்மட்டம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி முழுக் கொள்ளளவு, தினமும் இன்றைய மட்டம் போடுவார்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் நம்முடையது, அதனால் ஒரு வருஷத்து மட்டத்தைக் கோடாக வரைந்தால் ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம் எல்லாம் கிடைக்கும். ஜூனில் 'ரைஸ்', நடுவில் 'டிப்', அப்புறம் 'பீக்', ஷட்டர் திறந்து ஒரே மட்டத்தில் வைத்திருக்கும்போது 'லெவல் ஆஃப்', ஏறி இறங்கி நிலையில்லாமல் இருந்தால் 'ஃப்ளக்சுவேட்'. 'ரோஸ் பை 5 ஃபீட்' என்றால் 5 அடி கூடியது, 'ரோஸ் டு 45 ஃபீட்' என்றால் 45 அடியை எட்டியது. இந்த 'பை', 'டு' மாறிப்போய் டேட்டாவே தப்பாகிவிடுகிறது பலருக்கு. அணையின் மட்டத்தை நினைத்துக்கொண்டு எழுதினால் மாறாது, ஏனென்றால் 45 அடி கூடினால் என்ன ஆகும் என்று அணைப் பக்கத்துக் குலசேகரத்துக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்பீக்கிங் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு கொடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்வார்கள். இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் 'பிக்சரெஸ்க்', 'பிரெத்டேக்கிங்' என்று ஆரம்பித்து நாற்பது நொடியில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் சொந்த வாழ்க்கைக்கு இங்கிலீஷ் வார்த்தை இல்லாமல் இருப்பதுதான் காரணம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் 'டேப்பிங்', 'லேடெக்ஸ்', 'பார்க்', 'ஷீட்', 'ரோலர்' தெரிந்திருக்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் என்றால் 'டிராலர்', 'ஹார்பர்', ஏலத்துக்கு 'ஆக்ஷன்', 'ரஃப் சீ', 'மெண்ட் த நெட்ஸ்'. மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சொல்ல நினைத்தால் 'அக்வடக்ட்', 'பில்லர்ஸ்', 'வேலி' வேண்டும். கடற்கரைப் பிள்ளை ஒருத்தி மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ரெண்டு நிமிஷமும் நிற்காமல் பேசினாள், மேற்குக் கரைக்கு ஜூன் ஜூலையில் படகு போகாது, அப்பா வீட்டில் இருப்பார், வலை பின்னுவார், வீட்டில் செலவு இறுகும், ஜூலை முடியும்போது எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள் என்று. அதில் 'ஹை பேண்டு' சொல் என்று ஒன்றுகூட இல்லை. 'மேக் எண்ட்ஸ் மீட்' இருந்தது, மீன் முட்டையிடும் காலத்துக்கு 'ஸ்பானிங் சீசன்' இருந்தது, அவை சரியான இடத்தில் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம்.

காதைப் பற்றி. கண்ணுக்குத் தெரிந்த வார்த்தை காதுக்குத் தெரியாமல் இருப்பது பெரிய இடைஞ்சல். லிசனிங் ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். 'வெஜிடபிள்' அங்கே 'வெஜ்டபிள்' என்று ஓடிவிடும், 'கம்ஃபர்டபிள்' 'கம்ஃப்டபிள்' ஆகிவிடும், கடன் என்ற அர்த்தத்தில் 'டெட்' என்று கேட்டதை பி போட்டு எழுத வேண்டும். அதனால் நோட்டில் ஏறுகிற ஒவ்வொரு வார்த்தையையும் அகராதி ஆப்பில் ஒலித்துக் கேட்டு, வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது உங்கள் கணக்கில் சேரும். எழுத்துப்பிழை இருந்தால் ஐஇஎல்டிஎஸ் லிசனிங்கிலும் ரீடிங்கிலும் அந்த விடைக்கு மார்க் கிடையாது. 'அக்காமடேஷன்' என்பதில் இரண்டு சி, இரண்டு எம். 'வெட்னஸ்டே', 'ஃபெப்ருவரி' இந்த இரண்டையும் இப்போதே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மறதியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: எபிங்ஹவுஸ் என்கிற ஜெர்மானியர் 1885-லேயே தன் மேலேயே சோதனை செய்து காட்டிவிட்டார், படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும் என்று. ஆகவே ஒரே ராத்திரியில் நூறு வார்த்தை படிப்பது வீண் வேலை. இன்றைக்குப் படித்ததை நாளைக்கு, அப்புறம் மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் மாதம். ஆங்கி என்கிற ஆப் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஆப் வேண்டாம் என்றால் நாலு தபால் கவரில் சீட்டுகளைப் போட்டு வைத்தாலும் போதும். திரும்பப் பார்ப்பது என்றால் வாசிப்பது என்று நினைக்காதீர்கள். சீட்டை மூடி வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்ல வேண்டும், வராவிட்டால் மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற நேரம் இதற்குப் போதும், உட்கார்ந்து படிக்கிற நேரத்தை வேறு வேலைக்கு வையுங்கள்.

எதைப் படிப்பது, கேட்பது? பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்', எழுத்துப் பிரதியோடு கிடைக்கும். நர்சுகளுக்குப் பிரிட்டனின் என்ஹெச்எஸ் இணையதளத்தில் ஒவ்வொரு நோய்க்கும் சாதாரண மக்களுக்காக எழுதிய பக்கம் உண்டு, அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் வார்டில் இன்று பார்த்த நோயை அதில் தேடி வாசியுங்கள், ஒரு பக்கம் போதும். நோயாளி எப்படிச் சொல்வார் என்பது அதில் அப்படியே இருக்கும்.

எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது, ஆனால் பொய்யும் சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் தகுதிநிலையில் ஒரு படி ஏற ஏறக்குறைய 200 மணி நேரம் வழிகாட்டுதலோடு படிக்க வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ்காரர்கள் சொல்கிற பொதுக் கணக்கு. தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஆறேழு மாதம். "30 நாளில் 7 பேண்டு" என்று பேனர் வைத்துப் பணம் வாங்குகிறவர்களிடம் நகையை அடகு வைத்த காசைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே 6.5-ல் நிற்கிறவர்களுக்குக் கதை வேறு, அவர்களுக்குப் பெரும்பாலும் துணைச் சொல்லும் எழுத்துப்பிழையும்தான் அரை பேண்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

தேர்வுக்கு முந்தைய வாரம் புதிய வார்த்தை எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள். இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், நோயாளி வேடத்துக்கு அம்மாவை உட்கார வைத்து ரோல் பிளே செய்யுங்கள், அம்மா தமிழில் கேட்கட்டும், நீங்கள் எளிய இங்கிலீஷில் பதில் சொல்லுங்கள். டியூட்டி மாற்றிக்கொள்ள முடிந்தால் கடைசி இரண்டு நைட்டை மாற்றிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் சென்டர் என்றால் காலை ரயிலை நம்பாமல் முந்தின நாள் சாயங்காலமே போய்விடுவது நல்லது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை இன்றைக்கே பையில் வையுங்கள், ஜெராக்ஸை வைத்து உள்ளே விட மாட்டார்கள்.